சரி, வரேன்

பள்ளத்தாக்குக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சிவெயில். வண்டி நிறுத்தும் இடத்தில் நிழல் என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை. தார் இளகி டயரில் ஒட்டியது. கோடை விடுமுறைக் கூட்டம் காலையிலேயே வந்து, படம் எடுத்து, பாறையைப் பார்த்துக் கத்தி, கிளம்பிப் போயிருந்தது. மிச்சமிருந்தது ஒரு தொப்பிக் கடை, பூட்டிக் கிடந்த ஐஸ்கிரீம் வண்டி, விளிம்புக் கம்பியோரம் பெரிய குடையின் கீழ் உட்கார்ந்திருந்த காவலாளி. அவ்வளவுதான்.

என் பயணத்தின் கடைசி இடம் இது. மலைக்கோட்டை, ஏதோ ஒரு ராஜா தன் ராணிக்குக் கட்டிய கல்லறை மண்டபம், ஆற்றின் குறுக்கே இயற்கையே வளைத்து வைத்த கல் பாலம் எல்லாவற்றையும் தனியாகவே பார்த்து முடித்திருந்தேன். ஒரு பொம்பளை தனியாக இவ்வளவு தூரம் கார் ஓட்டிப் போவதா என்று நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவர்களிடம் காரணத்தைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். என் வீட்டுக்காரரைத் திரும்பப் பெறத்தான் போனேன்.

போன கோடையில் இதே வழியில், இதே காரில் அவர் தனியாகப் போய் வந்தார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. போகும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போன மனிதர், திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார். ஹாலில் தனியாகப் படுத்தார். விளக்கை அணைக்க விடவில்லை. எங்கள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போது தூங்கி விழுந்து விரலைக் கிழித்துக்கொண்டார். காரில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் அதற்கு பெல்ட் மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். கேட்டால், "சென்சார் போச்சு. மாட்டலைன்னா கத்திக்கிட்டே வரும்" என்பார். மெக்கானிக்கிடம் கொண்டுபோகவும் மாட்டார், அந்த இருக்கையில் என்னை உட்கார விடவும் மாட்டார். கட்டின பெண்டாட்டி, வாடகைக் காரில் போகிறவள் மாதிரி பின்சீட்டில் உட்கார்ந்து போனேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. வெளியே கிளம்பும்போது "வரேன்" என்று சொல்வதை அவர் நிறுத்திவிட்டார்.

எங்கள் வீட்டில் அது என் சொல். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது என் வேலை. ஊசியைக் கழற்றி, பஞ்சை அழுத்தி, குழாயில் பெயரை ஒட்டி, பையை மூடியதும் "சரி, வரேன்" என்பேன். "நீ வராம இருந்தாலே புண்ணியமாப் போகும் தாயி" என்று பெரியவர்கள் கையைத் தேய்த்துக்கொண்டே கிண்டல் செய்வார்கள். ஆளில்லாத வீட்டைப் பூட்டும்போதுகூடக் கதவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். "போறேன்" என்று என் வாயில் வராது. அப்படிச் சொல்லிப் போகிறவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று பயமுறுத்தி வளர்த்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் இவர் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுவார். வாசலில் வழிமறித்து நின்று, வரேன் என்று சொல்ல வைத்து அனுப்புவேன். அப்படிப் பழகிய மனிதர் ஒரு வருஷமாக ஊமை மாதிரி படி இறங்கிப் போனார்.

போன மாதம் ஒருநாள் அவராகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் பாத்த இடத்தையெல்லாம் நீயும் ஒரு தடவை பாத்துட்டு வா. கடைக்கு ஆளில்ல, என்னால கூட வர முடியாது. நீ வந்த பிறகு நாம பழையபடி இருக்கலாம்."

பழையபடி. அந்த ஒரு வார்த்தைக்காக நான் எங்கே வேண்டுமானாலும் போயிருப்பேன். கிளம்புகிற அன்று பக்கத்து இருக்கையின் பெல்ட்டை அவரே மாட்டிவிட்டார். "இதை மட்டும் கழட்டாதே" என்றார்.

வழியெல்லாம் காருக்குள் ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது. வெயிலில் நாளெல்லாம் காய்ந்து மொடமொடத்த துணியின் வாசனை. கெட்ட வாசனை ஒன்றும் இல்லையே என்று விட்டுவிட்டேன். மலைக்கோட்டை வாசலில் டிக்கெட் கொடுத்தவர் குனிந்து காருக்குள் பார்த்து, "அவங்களுக்கு?" என்று கேட்டார். எவங்களுக்கு என்றேன். மறுபடி குனிந்து பார்த்தார். வெயிலில் கண் கூசுகிறது என்று அசடு வழிந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பள்ளத்தாக்குக்கு வருவோம்.

"எதிர்ப் பாறை நம்ம சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லும்மா" என்றார் காவலாளி, குடையை விட்டு எழுந்திருக்காமலே. "உங்க பேரைக் கத்துங்க. பேரை மட்டும்."

சுற்றிலும் யாரும் இல்லாத தைரியத்தில் என் பெயரைக் கத்தினேன். பாறை அதை மெல்ல மெல்லத் தேய்த்துத் திருப்பித் தந்தது. கீழே ஆறு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கம்பியைத் தொட முடியவில்லை, அப்படிச் சுட்டது. அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. அவர்.

"எங்க இருக்க?"

"பள்ளத்தாக்குல. கம்பிகிட்ட நிக்கறேன்."

"நல்லா கிட்டக்கவா?"

"விழுந்துட மாட்டேங்க."

"எல்லாம் பாத்தாச்சா? கிளம்பப் போறியா?"

"ஆமா, கிளம்ப வேண்டியதுதான்."

ஒரு வருஷமாக நான் கேட்காத குரலில், "கிளம்பும்போது எப்பவும் ஒண்ணு சொல்லுவியே. அதச் சொல்லேன். கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"சரி, வரேன்."

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

சிரித்துக்கொண்டே, பாறைக்கும் கேட்கட்டும் என்று, "வரேன்!" என்று கத்தினேன்.

அந்த நொடியே போன் வைக்கப்பட்டது.

பாறை திருப்பிச் சொல்லும் என்று காத்திருந்தேன்.

சொல்லவில்லை.

அதுவரை அடித்துக்கொண்டிருந்த அனல்காற்று நின்றது. தொப்பிக் கடையில் படபடத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பு அடங்கியது. காய்ந்த துணியின் வாசனை என் முகத்தில் வந்து மோதியது. எதிர்ப் பாறையிலிருந்து அல்ல, என் தோளுக்கு மிக அருகிலிருந்து, ஒரு பெண் தணிந்த குரலில் கேட்டாள்.

"எப்போ?"

சட்டென்று திரும்பினேன். யாரும் இல்லை. தூரத்தில் காவலாளி எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவருடைய குடை மல்லாந்து கிடந்தது.

"என்னம்மா சொன்னீங்க?" என்று ஓடி வந்தார். "பேரை மட்டும் கத்துங்கன்னு சொன்னேனே!"

"போன்ல என் வீட்டுக்காரர்கிட்ட..."

"போன வருஷமும் ஒருத்தர் இப்படித்தான், போன்ல பொண்டாட்டிகிட்டச் சொன்னாரு." அவர் கம்பியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். "ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஒருத்தன் ஒரு பொண்ணக் கூட்டிட்டு வந்தான். 'இங்கயே நில்லு, வண்டிய எடுத்துட்டு இதோ'ன்னு, நீங்க இப்ப சொன்ன அதே வார்த்தையச் சொல்லிட்டுப் போனான். போனவன் போனவன்தான். அந்தப் பொண்ணு நின்னுச்சு. இதே மாதிரி வெயிலு. நிழலுக்கு வாம்மான்னு நான் எவ்வளவோ கெஞ்சினேன். 'சொல்லிட்டுத்தான் போயிருக்காரு, நான் நகர்ந்தா தேடுவாரு'ன்னுச்சு. சாயங்காலம் நாங்க தூக்கும்போது உசுரு இல்ல."

அந்தக் குரல் வந்த பக்கத்துத் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"அதிலிருந்து இங்க நின்னு யாரு அந்த வார்த்தையச் சொன்னாலும் அவங்க கூடவே போயிடுது."

"விடவே விடாதா?"

"வேற யாராவது இங்க வந்து சொன்னா, பழைய ஆளை விட்டுட்டு அவங்களோட போயிடும். அந்த மனுஷனும் இதத்தான் கேட்டாரு. திரும்பத் திரும்பக் கேட்டாரு. பாவம், நல்லவரு. வெயில்ல காயறேன்னு எனக்குக் கண்ணாடிகூடக் குடுத்துட்டுப் போனாரு."

சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினார். மூடியில் கண்ணாடி போட்ட ஆந்தைப் படம். எங்கள் கடை திறந்தபோது அந்த ஆந்தையை வரைந்தது நான். ஒரு காது மற்றதைவிடப் பெரிதாகிவிட்டது. பரவாயில்லை, அதுதான் அழகு என்று சொல்லி அதையே அச்சடித்தவர் அவர்.

இந்தப் பயணம், அந்தப் பழையபடி, சற்றுமுன் கேட்ட அந்தக் குழைந்த குரல் எல்லாமே ஆட்டுக்குக் காட்டிய தழை. நானும் தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் போயிருக்கிறேன். ஒருநாள் இரவு என்னை எழுப்பி, இப்படி ஒன்று என்னைப் பிடித்திருக்கிறது, எனக்குப் பதில் நீ வாங்கிக்கொள்கிறாயா என்று அவர் கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பைத்தியம் நான். அவர் கேட்கவில்லை. ஏமாற்றி வாங்கினார்.

காருக்குத் திரும்பினேன். பக்கத்து இருக்கையின் பெல்ட் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டியைக் கிளப்பியதும் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. டிங். டிங். டிங். கையை நீட்டி மாட்டிவிட்டால் நின்றுவிடும். அந்தப் பக்கம் கையை நீட்ட எனக்குத் தைரியம் இல்லை. ஓட்டினேன். மலைச்சாலை வளைந்து வளைந்து இறங்கியது. எல்லா வளைவிலும் பக்கத்து இருக்கையின் ரெக்சின் மெல்ல முனகியது, உட்கார்ந்திருக்கும் ஆள் சாயும்போது முனகுவது போல. நான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு ஒரு சுரங்கப்பாதை வந்தது.

வரும்போது விளக்கெரிந்த சுரங்கப்பாதைதான். இப்போது ஒன்றுகூட எரியவில்லை. வெளிச்சத்திலிருந்து அதற்குள் நுழைந்ததும் கண் இருட்டிப்போனது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஈரச் சுவர் மட்டும் நகர்ந்தது. ஏசிக் காற்றையும் மீறி இடதுபக்கம் முழுவதும் அனல் அடித்தது. நாள் முழுக்க வெயிலில் நின்ற உடம்பின் அனல்.

டிங். டிங். டிங்.

இடதுபக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

பார்க்கவில்லை.

"வரேன்னு சொன்னீங்களே?"

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோபமே இல்லாத குரல் அது. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தவள் கேட்பது போன்ற குரல். போன ஒரு வருஷமாக, ஹால் பக்கமாகப் பார்த்து நான் மனசுக்குள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்ததும் அதே குரலில்தான்.

சுரங்கத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினேன். அவருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லும்மா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, ஏங்க?"

அவர் நடிக்கவில்லை. அந்த மட்டில் நல்லவர். "கல்லாவுல உக்காந்தபடியே தூங்கிட்டேன் தெரியுமா?" என்றார். குரலில் அழுகை இருந்தது. "நீ காரை எடுத்துட்டுப் போன பிறகும் ராத்திரியில எங்கிட்டத்தான் வந்து நின்னுச்சு. ஒரு வருஷத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் தூங்கினேன். உனக்குப் புரியாது."

"சொல்லியிருந்தா நானே வந்து அந்த வார்த்தையச் சொல்லியிருப்பேன்."

அவர் குரல் இறுகியது. "உன்னாலதானே எனக்கு வந்துச்சு? அன்னைக்கு அங்க நின்னு உங்கிட்டதானே வரேன்னு சொன்னேன்? நீ பழக்கிவிட்ட பேச்சுதானே அது?"

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"யாரையாவது அங்க கூட்டிட்டுப் போ. உன் தங்கச்சிக்கு ஊர் சுத்தப் பிடிக்குமில்ல? அவளக் கூப்பிடு." என் தங்கையை எங்கள் கல்யாணத்தில் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றியவர் இவர். "அதுவரைக்கும் வீட்டுக்கு வந்துடாதே. நான் பூட்டை மாத்திட்டேன்."

அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் முதல்முறையாக இடதுபக்கம் திரும்பிப் பார்த்தேன். இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் மெத்தை நடுவில் அமுங்கி இருந்தது. இடம் கொடுத்தவர்களுக்குத் தொந்தரவு கூடாது என்று நுனியில் உட்காருகிறவள் அமுக்கிய மாதிரி கொஞ்சமாகத்தான் அமுங்கி இருந்தது.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் பயம்தான். ஆனால் அந்த இருக்கையைப் பார்த்தபோது, இந்த உலகத்தில் என் நிலைமை புரிந்த ஒரே ஆள் அங்கே உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

"என்ன, லைன்ல இருக்கியா?" என்றார் அவர். "சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க. சரி, வரே..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தேன். நிறுத்தினேன். திருத்திச் சொன்னேன்.

"வரோம்."

"வரோமா? யாரு?"

பக்கத்து இருக்கையில் பெல்ட் சரசரவென்று தானாக நீண்டது. கொக்கியில் டக்கென்று விழுந்தது.

அலாரம் நின்றது.

ஒரு வருஷம் தினமும் தன் கையால் போட்ட சத்தம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? போனுக்குள் அவர் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. நான் வண்டியைக் கிளப்பி வீட்டுப் பக்கம் திருப்பினேன்.