கல்லடுக்கில் ஒன்பது பேர்

நாயுடுபுரத்தில் டாக்டர் தேவசேனாவின் அலுவலகம் என்பது இரண்டு மேசையும் ஒரு ஹீட்டரும் உள்ள வாடகை வீடு. நாட்டில் எந்தப் பகுதியில் பக்கவாதச் சாவு ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கணக்கெடுக்கும் ஆய்வில் மலைக் கிராமங்கள் அவர் பொறுப்பு. இறந்தவர் வீட்டுக்கே போய் விசாரித்துக் காரணம் எழுத வேண்டும். துணைக்குச் சுகாதார ஆய்வாளர் கோகுல்ராஜ். விசாரணை என்ற சொல்லைக் கேட்டாலே கோகுல்ராஜுக்குத் தன் தலையில் போலீஸ் தொப்பி ஏறிவிட்டதாகத் தோன்றும்; நாற்பத்திரண்டு வயதிலும் அந்த ஆசை அவரை விட்டபாடில்லை.

அந்த மார்கழிக் காலையில் விளக்கம் கேட்டு வந்த ஒரு மெமோவைக் கையில் பிடித்துக்கொண்டு வடிவு வந்தாள். கூக்காலுக்கு அப்பால் கல்லடுக்கு என்ற ஊரில் வீடு வீடாகப் பிரஷர் மாத்திரை கொடுக்கும் சுகாதாரப் பணியாளர் அவள்.

“மூணு வருசத்துல எங்க ஊருல ஒம்பது பேரு வாதம் அடிச்சுச் செத்துட்டாங்க மேடம். பக்கத்து ஓடைப்பள்ளத்துல ஒரே ஆளு. நான் மாத்திரைய வெளியில வித்துட்டு, கொடுத்ததா நோட்டுல எழுதுறேன்னு தங்கமுத்து அண்ணன் மனுக் கொடுத்திருக்காரு. மூணு நாள்ல பதில் சொல்லலைன்னா வேலை போயிரும்.” இறந்தவர்களின் பட்டியலை எடுத்து மேசையில் வைத்தாள். “செத்தவுக எல்லாம் நான் நித்தம் பாத்த மனுசங்க. அவுக மாத்திரைய நான் வித்தேன்னா, எப்படிங்க தாங்குறது?”

தேவசேனா பட்டியலை எடுத்து நிதானமாகப் படித்தார். ஒன்பதில் எட்டுச் சாவு மார்கழியிலும் தையிலும் நடந்திருந்தன.

“குளிர் மேடம்!” என்றார் கோகுல்ராஜ், கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில். “குளிருல பிரஷர் ஏறும்.”

“ஏறும். ஆனா ஓடைப்பள்ளத்துலயும் இதே குளிர்தானே? ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க.”

ஓடைப்பள்ளத்தில் மாத்திரை கொடுக்கும் துர்காவைப் பார்த்ததும் கோகுல்ராஜுக்கு எரிச்சல்தான் வந்தது. நோட்டில் பாதிப் பக்கம் வெறுமை. பகலெல்லாம் பூண்டுக் காட்டில் வேலை, பொழுது சாய்ந்த பிறகுதான் இந்தச் சோலி.

“ராத்திரிச் சோறு தின்னுட்டு ஒண்ணப் போட்டுக்கங்கன்னு சொல்லிட்டு வந்துருவேன் மேடம். நான் போறதே அந்நேரந்தான்” என்றாள் துர்கா. இவள் ஊரில் ஒரே சாவு, அக்கறையாக வேலை பார்க்கும் வடிவின் ஊரில் ஒன்பதா? இது என்ன நியாயம் என்று கோகுல்ராஜ் மனதுக்குள் பொருமினார்.

அந்த ஊரில் பாதிப் பேர் மாலை போட்டுப் பச்சை வேட்டியில் இருந்தார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து இறங்குகிறவர்கள். கல்லடுக்கிலும் அதே பச்சை, அதே மாலை.

மனுக் கொடுத்த தங்கமுத்துவும் மாலை போட்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய பூண்டு விவசாயி. அவர் அப்பா சின்னக்கருப்பன் போன தையில், மாலையோடு இருந்தபோதே போய்ச் சேர்ந்தவர். வடிவைக் கண்டதும் அவருக்கு மூக்கு விடைத்தது.

“மாத்திரை முழுங்கியிருந்தா எங்கப்பன் ஏன் சாவுறாரு, டாக்டரம்மா? இந்தப் புள்ள கொடுக்கவே இல்ல!”

உள்ளேயிருந்து அவர் அம்மா சுந்தராம்பாள் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். “ஏலே, சும்மா இருடா. கொடுத்த மாத்திரை இந்தாக் கெடக்கு.”

தேவசேனா மாத்திரை அட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் உறையிலும் கொடுத்த தேதியை வடிவு எழுதியிருந்தாள். ஐப்பசி அட்டைகள் காலி. கார்த்திகையில் கொடுத்தது கடைசி இரண்டு மாத்திரையோடு நின்றிருந்தது. மார்கழி அட்டைகள் பிரிக்கப்படவே இல்லை.

“மாலை போட்டதும் நிறுத்தியிருக்காரு மேடம்” என்று கோகுல்ராஜ் காதோடு சொன்னார். “முருகன் பாத்துக்குவான்னு விட்டிருப்பாரு.”

“அப்படின்னா ஓடைப்பள்ளத்துலயும் விட்டிருக்கணுமே.” தேவசேனா சுந்தராம்பாளைப் பார்த்தார். “அவருக்கு மாத்திரை மேல நம்பிக்கை இல்லையாம்மா?”

“அவருக்கா? வடிவு சொன்னா அவருக்குச் சாமி வாக்கு. அவ சொன்னத ஒரு நாளும் மீற மாட்டாரு.”

“விரதத்துல என்ன சாப்பிடுவாரு?”

“பகல்ல பச்சத்தண்ணிதாங்க. பொழுது சாஞ்சு குளிச்சுட்டு ஒருவேளைச் சோறு. மாலை போட்ட எல்லாருக்கும் அதான்.”

தேவசேனா மெதுவாக வடிவின் பக்கம் திரும்பினார். “மாத்திரை கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பீங்க வடிவு?”

வடிவு நிமிர்ந்து நின்றாள். “காலைல பலகாரம் சாப்பிட்டதும் ஒண்ணு. வெறும் வயித்துல போடவே கூடாது. அவுக வாயாலயே திருப்பிச் சொல்ற வரைக்கும் விடமாட்டேன் மேடம். காலையில சாப்பிடாம...” அவள் பிஸ்கட் டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.



“யாரும் மாத்திரைய விக்கல” என்றார் தேவசேனா. “குளிர் ரெண்டு ஊருக்கும் ஒண்ணு, மாத்திரை ஒண்ணு, விரதமும் ஒண்ணு. சொல்லிக் கொடுத்த நேரம் மட்டுந்தான் வேற. ஓடைப்பள்ளத்துல ராத்திரிச் சோத்துக்கு அப்புறம் போடுறாங்க; விரதத்துலயும் அந்தச் சோறு உண்டு. இங்க காலைப் பலகாரத்துக்கு அப்புறம். மாலை போட்டா நாப்பத்தெட்டு நாளைக்குக் காலைப் பலகாரம் கிடையாது. அதனால மாத்திரையும் கிடையாது. சின்னக்கருப்பன் ஐயா வடிவு பேச்சைத் தட்டல. தட்டியிருந்தா ஒருவேளை பிழைச்சிருப்பார். மத்த வீடுகள்லயும் கேக்கணும். எனக்கென்னவோ இதே டப்பாதான் அங்கயும் இருக்கும்னு தோணுது. இந்த மாத்திரையை வெறும் வயித்துலயும் போடலாம்.”

வடிவு தேவசேனாவின் முன்னால் வந்தாள். “அப்ப நாந்தான் கொன்னேனா மேடம்?”

தேவசேனா பொய் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “நேரத்தைத் தப்பாச் சொல்லிட்டீங்க. உங்களுக்குப் பயிற்சி கொடுத்த நாங்களும் விரதத்தைப் பத்தி யோசிக்கல. நீங்க வரலைன்னா நானும் என் அட்டவணையில ‘மலைக்குளிர்’னு எழுதிட்டுப் போயிருப்பேன். அது இருக்கட்டும். தங்கமுத்து, நீங்க பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா?”

தங்கமுத்துவின் முகம் வெளுத்தது. “சாப்பிடுறவன்தான். மாலை போட்டு முப்பது நாளாச்சு.”

கோகுல்ராஜ் பிரஷர் கருவியை அவர் கையில் சுற்றி அமுக்கினார். நூற்றுத் தொண்ணூறைத் தாண்டி முள் நின்றது. இந்த முறை அவருக்குக் கண்டுபிடித்த மகிழ்ச்சி வரவில்லை.

தங்கமுத்து தன் அப்பாவின் அட்டைகளை அள்ளி டப்பாவில் போட்டு மூடினார். பிறகு வடிவின் எதிரில் போய் நின்றார்.

“மனுவ நாளைக்கே திரும்ப வாங்கிக்கிறேன். எனக்கு எப்பப் போடணும்னு சொல்லு தாயி.”

வடிவு டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். இனி யாருக்கும் எதையும் சொல்லித்தர அவளுக்குத் துணிவில்லை என்பது கோகுல்ராஜுக்குப் புரிந்தது. டாக்டரே பதில் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தார். தேவசேனாவோ வடிவைப் பார்த்துத் தலையசைத்தார்.

“இப்பவே போடுங்கண்ணே” என்று பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள் வடிவு. “நாளையிலிருந்து ராத்திரிச் சோத்துக்கு அப்புறம்.”

சுந்தராம்பாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். தங்கமுத்து மாத்திரையை முழுங்கிவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்தார்.

“ஊருல இன்னும் எத்தன பேரு மாலை போட்டிருக்கான்னு எனக்குத் தெரியும். வெரசா வா” என்று படியிறங்கினார். வடிவு மாத்திரைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.