முதல் காது

தண்ணீர்தான். மண்ணுக்கு அடியில் ஊற்று வழி மாறினால் இப்படித்தான் தட்டும், விட்டு விட்டு, யோசித்து யோசித்து. எத்தனை மழைக்காலம் பார்த்தாயிற்று, இதற்குப் போய் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறதே. ஆனால் தண்ணீர் ஏன் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறது?

அந்தக் கடைசிக் கேள்வியை மனதுக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டு, ஹெட்போனை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். பிற்பகல்தான். ஆனாலும் மூடுபனி ஜன்னல்வரை வந்து சாய்ந்துகொண்டதில் அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஈரமான சிமெண்டு வாசனையும், மின்கருவிகள் சூடாகும்போது வரும் கருகல் வாசனையும், மூலையில் உலராமல் கிடந்த மழைக்கோட்டின் ரப்பர் வாசனையும் ஒன்றாகக் கலந்து, பூட்டியே கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல் நின்றன. வெளியே எதிர்ச்சரிவு தெரியவில்லை. தெரியாததே அவளுக்கு நல்லது. சரிவில் ஒரு தெரு இருந்த இடத்தில் இப்போது செம்மண் வழிந்த தழும்பு மட்டும்தான் இருந்தது.

சரிவுக்குள் நிலத்தின் அசைவைக் கேட்கும் கருவிகளை வரிசையாகப் புதைத்திருந்தார்கள். அலுவலகத்தில் யாரும் அவற்றைக் கருவி என்று சொல்வதில்லை, காது என்றுதான் சொல்வார்கள். முதல் காது உச்சியில், தெருவின் முதல் வீட்டுக் கொல்லையில். அங்கிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, கடைசிக் காது இந்த அலுவலகத்தின் தரைக்கு அடியிலேயே, அவள் நாற்காலிக்குக் கீழே சிமெண்டில் பதித்தது. மலை சரிவதற்கு முன் மண் முனகும். அந்த முனகலைப் பிடித்துவிட்டால் கீழே இருப்பவர்களுக்குச் சைரன் ஊதலாம். அவளுடைய ஆராய்ச்சி முழுக்க அந்த ஒரு முனகலைத் தேடுவதுதான்.

இப்போது தட்டல் வந்துகொண்டிருந்தது முதல் காதிலிருந்து.

முதல் காது போன மழைக்காலத்திலேயே செத்துப்போயிற்று.

"என்ன மேடம், பேய் மாதிரி உக்காந்திருக்கீங்க," என்றபடி வயர் அண்ணன் உள்ளே வந்தார். தோளில் எப்போதும் ஒரு சுருள் வயர் தொங்குவதால் வந்த பெயர். கருவிகளைப் புதைப்பதும் பிடுங்குவதும் அவர் வேலை. இரண்டு கையிலும் தேநீர். "மழை பெஞ்சா மலை தூங்காது, நீங்களும் தூங்க மாட்டீங்க. நல்ல ஜோடி."

அவள் ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். அவர் ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டார்.

"யாரோ நடக்கறாங்க."

"எந்தக் காதுன்னு பாருங்கண்ணா."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு அறையின் அலமாரியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். முதல் காதின் பெட்டி அங்கேதான் இருந்தது. காய்ந்த செம்மண் ஒட்டி, மூடி நசுங்கி, வயர் அறுந்து. இடிபாட்டிலிருந்து அதைத் தோண்டி எடுத்து வந்தவரே அவர்தான். பிறகு தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தெருவில் இருந்தவர்கள் இன்னும் அந்த மண்ணுக்கு அடியிலேயே இருந்தார்கள்.

"பேட்டரி கூட இல்லையே அதுல," என்றார். தேநீரை மேஜையில் வைத்தார். "பழைய பதிவு ஏதாவது திரும்ப ஓடுதா மேடம்? மெஷினுக்கு மறை கழண்டிருக்கும். நான் இயக்குநருக்குச் சொல்லிடறேன்."

அவர் போன பிறகும் அவள் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பச்சைக் கோட்டுக்கு அடியில் இயந்திரம் தானாகவே எழுதிக் காட்டியது: தெரிந்த நடை. முதல் வீடு. பெண்.

அவளுக்கு அதைப் படிக்கத் தேவையே இல்லை.

மலையில் நிலம் மட்டுமா அசைகிறது? மனிதர்கள் நடக்கிறார்கள், குதிக்கிறார்கள், தண்ணீர்க் குடத்தைத் தொப்பென்று வைக்கிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் சைரன் ஊதினால் நாலாவது தடவை எவனும் எழுந்து ஓட மாட்டான். அதனால் தெருவில் இருந்த ஒவ்வொருவரையும் நடக்க வைத்துப் பதிவு செய்தார்கள். ஒவ்வொருவர் நடைக்கும் ஓர் எடை, ஒரு தாளம், குதிகால் இழுபடும் ஒரு விதம். இயந்திரம் அதைக் கற்றுக்கொண்டு, அடுத்த முறை அந்த நடை வந்தால் கழித்துவிடும். மிச்சம் இருப்பதுதான் மலையின் குரல். அப்படித்தான் அவள் எல்லாக் கூட்டங்களிலும் விளக்குவாள்.

முதல் வீட்டில் இருந்தது அவள் தங்கை.

பதிவு செய்த அன்று தங்கை இடுப்பில் கைவைத்து, ராணி மாதிரி ஒய்யாரமாக நடந்து காட்டினாள். "ஒழுங்கா நடடி," என்று இவள் அதட்ட, "மண்ணுக்கு வைத்தியம் பாக்கற டாக்டரம்மா சொல்லிட்டாங்க, நடக்கறேன் நடக்கறேன்," என்று தெருவையே சிரிக்க வைத்தாள். அதன் பிறகு அவளுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. அக்காவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் கொல்லைக்குப் போய், காது புதைத்த இடத்தில் தொம் தொம் என்று மிதிப்பாள். இங்கே திரை சிவப்பாகும். இவள் பதறிக்கொண்டு ஃபோன் செய்வாள்.

"நான் கூப்பிட்டா மீட்டிங், மீட்டிங்னு வெச்சிடற. மண்ணுல மிதிச்சா மட்டும் உடனே கூப்பிடற. உனக்கு நான் தங்கச்சியா, அந்தப் பெட்டி தங்கச்சியா?"

இயக்குநர் கண்டித்தார். வேறு வழியில்லை. மிதிப்பதையும் இவளே இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தாள். தங்கை என்ன மிதி மிதித்தாலும் திரை அசையாது. அதைக் கேட்டுத் தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எங்கக்கா என்னையக் கழிச்சுட்டா," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகார் சொன்னாள்.

மலை சரிந்து வந்த நாளில் ஃபோன் கோபுரம் விழுந்திருந்தது. தங்கையின் கணவன் வேலைக்குப் போயிருந்தான், பிழைத்தான், பிழைத்ததைப் பற்றி இன்றுவரை யாரிடமும் பேசுவதில்லை. கொல்லையில் விரிசல் கண்டிருக்க வேண்டும். தங்கை மிதித்தாள். வெகுநேரம் மிதித்தாள். நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, மழையில், அக்காவுக்குக் கேட்கும் என்று நம்பி. இங்கே திரையில் பச்சைக் கோடு சுத்தமாக, நேராக, அழகாக ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரம் சொன்னதைச் சொன்னபடி செய்தது.

மறுநாள், கழிக்காத மூலப்பதிவை ஓட்டிக் கேட்டாள். ஒரே ஒரு முறை.

அதன் பிறகு கழிக்கும் பட்டியலிலிருந்து தங்கையின் நடையை எடுத்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. செத்த காதுக்கு அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று யாரும் கவனிக்கவுமில்லை.

தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி ஒரு சுவர்போல் நின்றது. அதற்குள் எங்கோ ஓடையின் இரைச்சல், தகரக்கூரையில் மழை, மழைக்கு அடியில் இன்னொரு மழைபோல ஹெட்போனில் அந்தத் தாளம். இரண்டு வேகமான அடி, ஒரு நிதானமான அடி. வயிறு கனக்க ஆரம்பித்த பிறகு தங்கைக்கு வந்த நடை அது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நின்று மூச்சு வாங்கி, மறுபடியும்.

பிறகு முதல் காது அமைதியாயிற்று. இரண்டாம் காது தட்டியது.

அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள். இரண்டாம் காதும் மண்ணுக்கு அடியில்தான், ஆனால் அது உயிரோடு இருக்கும் காது. பெட்டி அலமாரியில் இல்லை. பழைய பதிவு என்று சொல்ல முடியாது. தங்கையின் நடை தெரு இருந்த வழியே, வீடுகளும் படிகளும் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் அந்த வழியே, இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏண்டி," என்றாள் அவள், காலி அறையில். குரல் தன்னுடையதாக இல்லை. "ஏண்டி, என்னடி வேணும்."

நடை நின்றது. தொம். தொம்.

வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் குளிர்தான் இருந்தது. அந்தக் குளிருக்குள்ளும், வெட்கமாக இருந்தது அவளுக்கு, ஒரு துளி சந்தோஷம். கூப்பிடுகிறாள். இன்னும் கூப்பிடுகிறாள்.

மூன்றாம் காது. ஓடைக்கரையில் இருப்பது. அங்கேதான் அவள் அதை முதலில் கேட்டாள். தங்கையின் அடிகளுக்கு இடையில் இன்னொன்று.

எலி என்று நினைத்தாள். இல்லை, உருளும் கூழாங்கல். எடையே இல்லாத அடி. ஒன்று, இரண்டு, மூன்று வேகமாக. பிறகு பொத்தென்று ஒரு சத்தம். மௌனம். தங்கையின் நடையும் நின்று காத்திருக்கிறது. மறுபடியும் ஒன்று, இரண்டு.

திரை எழுதியது: தெரியாத நடை.

ஒருமுறை, விளையாட்டாக, உபரியாக இருந்த ஒரு காதை எடுத்துப் போய்த் தங்கையின் வயிற்றில் வைத்திருந்தாள். ஹெட்போனில் ஓர் உதை கேட்டது. "ரிக்டர்ல எவ்வளவுக்கா?" என்று தங்கை சிரிக்க, அந்தச் சிரிப்பிலேயே கருவியின் ஊசி எகிறியது. "பாத்து, சைரன் ஊதிடாதே. பிள்ளை பயந்துடும்." அந்தக் குழந்தை இருந்திருந்தால் இப்போது சுவரைப் பிடித்து நிற்கும். கையை விட்டு நடக்கப் பழகும். விழும். எழுந்திருக்கும்.

ஒன்று, இரண்டு, மூன்று. பொத்.

மண்ணுக்கு அடியில், வெளிச்சமே இல்லாத இடத்தில், யார் அதற்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தது என்று நினைத்தாள். உடனே, அதை நினைத்திருக்கக் கூடாது என்றும் நினைத்தாள். ஏனென்றால் யார் என்று அவளுக்குத் தெரியும்.

ஃபோன் அடித்தது. இயக்குநர். நல்ல மனிதர், தங்கைக்காக உண்மையாகவே அழுதவர்.

"வயர் சொன்னார்மா. நானும் இங்கேருந்து திரையைப் பாத்துட்டுதான் இருக்கேன். மூணு காதுல வந்தாச்சு. இன்னொரு காதுல வந்தா சைரன் தானா ஊதிடும்."

"ஆமா சார்."

"கீழ ஜனங்க திரும்பி வந்து குடிசை போட்டு இப்பதான் நிம்மதியா இருக்காங்க. பொய்யா ஊதினா அடுத்த தடவை நம்மள நம்ப மாட்டாங்க. உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல."

"இது பொய்யான்னு எப்படி சார் தெரியும்?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "உன் தங்கச்சி நடைன்னு பேர் போட்டு வருதும்மா. அது எப்படி நிஜமா இருக்க முடியும்? அதைப் பட்டியல்ல திரும்பச் சேத்துடு. இருக்கியா?"

"இருக்கேன் சார்."

அவள் கேட்டுக்கொண்டிருந்தது அவரை அல்ல. ஓடைக்கரையில் தங்கையின் நடை நின்றுவிட்டது. தண்ணீருக்கு இந்தப் பக்கம் அது வரவில்லை. கரையில் நின்றபடி மிதித்தது. தொம். தொம். தொம். அன்று மூலப்பதிவில் கேட்ட அதே வேகம். அதே அவசரம்.

சின்ன நடை மட்டும் ஓடையைத் தாண்டியது.

தனியாக.

நாலாம் காது. ஒன்று, இரண்டு. பொத். எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. திரையில் சிவப்பு எழுத்து விழுந்தது: கழிக்கவா, சைரன் ஊதவா. அதன் பக்கத்தில், பதில் சொல்ல மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் கோடு மெல்லக் குறுகத் தொடங்கியது; அது தீர்ந்தால் சைரன் தானாக ஊதிவிடும்.

"பாரும்மா, நாலாவதும் வந்தாச்சு," என்றார் இயக்குநர். குரலில் அவசரம். "அந்தச் சின்ன சத்தத்துக்கும் ஒரு பேர் குடு. ஏதாவது பேர். இயந்திரம் கத்துக்கும், கழிச்சுடும். ஒரு பட்டன்தான்."

பேர். தங்கை ஒரு பேர் வைத்திருந்தாள். பிறந்த பிறகுதான் சொல்வேன் என்று கடைசிவரை சொல்லவில்லை.

பனி ஜன்னல் கண்ணாடியில் அசையாமல் நின்றது. மழை நின்றுவிட்டதா, காதுக்குக் கேட்கவில்லையா, தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள்.

கழற்றிய பிறகும் கேட்டது.

கடைசிக் காது.

தரைக்கு அடியில். வாசல் பக்கம். பிறகு அலமாரிக்குக் கீழே. தடுமாறி, திரும்பி, எதையோ தேடி. ஒன்று. இரண்டு. மேஜைக்குக் கீழே.

நின்றது.

அவள் செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் வைத்தாள். சிமெண்டு ஐஸாகக் குளிர்ந்தது. பிறகு வலது பாதத்துக்கு நடுவில் ஓர் இடம் மட்டும் குளிரவில்லை. இளஞ்சூடு. சின்னது. ஐந்து சின்ன விரல்கள் சிமெண்டின் மறுபக்கத்திலிருந்து அவள் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தன. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பதுபோல. பிறகு இன்னொரு கை.

அது அவளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது.

தூரத்தில், ஓடைக்கு அப்பால், தங்கை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தாள். கோடு குறுகி நூலாகிவிட்டது.

"கழிச்சுடும்மா," என்றார் இயக்குநர், கெஞ்சுவதுபோல. "சொல்றதக் கேளு. கழிச்சுடு."

அவள் காலை எடுக்கவில்லை. நகர்ந்தால் அது விழுந்துவிடும்.

"இல்ல சார்," என்றாள், தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில். "நான் கழிக்கல."