சிணுங்கி மேல் விழுந்த பழி

திங்கள், காலை 8.40.

சிணுங்கி என்ற பெண்குதிரையின் ஆய்வக அறிக்கையைப் படித்த முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மூணாவது தடவையும் கர்ப்பப்பையில கிருமி! புதன்கிழமை மத்தியானம் லாரி வருது, மச்சான். சிணுங்கியை வித்தாச்சு."

மச்சான் என்பது லாயக்காரனின் பட்டப்பெயர். முதலாளியம்மாவின் தம்பி என்பதால் அத்தானான முதலாளி அப்படிக் கூப்பிட, லாயமே பின்பாட்டுப் பாடியது. தாயில்லாக் குட்டியாயிருந்த சிணுங்கியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவன் அவன்.

"எல்லாம் உன் லாயத்து அழுக்கு" என்று அத்தான் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார்.

மச்சான் நேரே அக்காவிடம் போய் நின்றான். அக்கா போனை எடுத்து வேறொரு கால்நடை டாக்டரை வரச்சொன்னாள். அதற்குமேல் அத்தானால் என்ன பேச முடியும்?

10.15. புது டாக்டரம்மா வந்தார். முதலாளி வழக்கம்போலத் தன் கையாலேயே குதிரையின் பின்புறத்தைக் கழுவிவிட்டார். சுத்தத்தில் அவர் சூரப்புலி. அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார். மஞ்சள் ஸ்பாஞ்சை வாளியில் முக்கி, பிழிந்து, ஐந்து தடவை துடைத்து, ஆணியில் பத்திரமாகத் தொங்கவிட்டார்.

டாக்டரம்மா நீண்ட பஞ்சுக்குச்சியை உள்ளே செலுத்தி மாதிரி எடுத்தார்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை பொலிக்குதிரையோட சேர்த்தீங்க?"

"ஒரு தடவைகூட இல்லீங்க. பருவத்துக்கு வந்தா சோதனை. சோதனையில கிருமி. அப்புறம் மருந்து" என்றான் மச்சான்.

"சீழ் வடிஞ்சுதா?"

"இல்லீங்க."

"தீனி?"

"என் பங்கையும் சேர்த்துத் திங்கிறா."

டாக்டரம்மா சிரித்தபடி புதுப்பஞ்சு கேட்டார். தானே மறுபடி கழுவினார். ஒரு பஞ்சால் ஒரே துடைப்பு, உடனே குப்பைக்கூடை. உறை போட்ட குச்சியால் இன்னொரு மாதிரி எடுத்து, கொஞ்சத்தை ஸ்லைடில் தடவிக்கொண்டார். போகிற போக்கில் ஆணியருகே ஒரு நிமிடம் நின்றார்.

புதன், 11.45. வாசலில் லாரி உறுமியது. மச்சானின் கை கயிற்றை விட மறுத்தது. டாக்டரம்மா வேகமாக உள்ளே வந்தார்.

"கிருமி கர்ப்பப்பையில குடியிருந்தா உடம்பு சும்மா இருக்காது, வெள்ளணுக்களைப் படையா அனுப்பும். ஸ்லைடுல அது ஒண்ணுகூட இல்லை. கிருமி உள்ளேயே இல்லை சார். குச்சியோட போயிருக்கு."

"யாரால?" முதலாளி மச்சானை முறைத்தார்.

"உங்களாலதான்."

டாக்டரம்மா இரண்டு அறிக்கைகளை நீட்டினார்.

"நீங்க கழுவினப்புறம் எடுத்ததுல கிருமி இருக்கு. நான் கழுவினப்புறம் எடுத்ததுல இல்லை. உங்க ஸ்பாஞ்சையும் சோதிச்சேன். அதே கிருமி, கோடிக்கணக்குல! சாணம் பட்ட இடத்தைத் துடைச்சதை வாளியில முக்கி, திரும்பவும் அங்கேயே துடைக்கிறீங்க."

"அஞ்சு தடவை துடைச்சேனே!"

"அஞ்சு தடவை பூசினீங்க."

டாக்டரம்மா சிணுங்கியைத் தட்டிக்கொடுத்தார்.

"இவ மலடியும் இல்லை, நோயாளியும் இல்லை. நீங்க வாய்ப்பே கொடுக்கலை. பருவம் இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

மச்சானுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிணுங்கியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். லாரி ஓட்டுநர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்.

"அத்தான், பாவம், வந்த லாரியை வெறுமனே அனுப்பலாமா? ஸ்பாஞ்சை ஏத்திவிடட்டுமா?"

அத்தான் முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வாளியையும் சேர்த்து ஏத்துடா, மச்சான்!"