மேடம் சொன்னால் அப்பீல் இல்லை

பட்டியலின் கடைசி வரியில் டிக் விழுந்திருந்தது.

ஏசியின் முனகலும் யாரோ சூடாக்கிய சாப்பாட்டின் வாசனையும் கலந்து கிடந்த மதிய அலுவலகத்தில், அவன் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி மூன்று ஐந்து. "குட்டியைக் கூட்டி வரணும். இன்னைக்கு நீ போயிடு, ப்ளீஸ்." நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் அவன் மனைவிக்கு எழுதிய வரி. அன்று அவன் முறை. வேலை இருக்கிறது என்று அவள் தலையில் கட்டினான். அவள் ஸ்கூட்டரில் கிளம்பினாள். பள்ளிக்கு இரண்டு தெரு முன்னால் ஒரு லாரி. டிக் விழாமலே நின்றுபோன அந்த வரியை அழிக்க அவனுக்கு இன்றுவரை மனசு வரவில்லை.

வீட்டு வேலைப் பட்டியலை இரண்டு பேர் போனிலும் ஒன்றுபோலக் காட்டும் அந்தச் செயலியை அவனேதான் எழுதினான். சிக்னல் இல்லாதபோது செய்த மாற்றம் போனிலேயே காத்திருந்து, இணைப்பு கிடைத்ததும் வந்து சேரும். ஒரே வரியை இருவரும் மாற்றினால்? "மேடம் சொன்னா அப்பீல் கிடையாது" என்று சிரித்துக்கொண்டே விதி எழுதினான். எப்போதும் அவள் மாற்றம்தான் ஜெயிக்கும். பட்டியலில் அவள் பெயர் மேடம். அவனுக்கு அவள் வைத்தது சோம்பேறி.

டிக்கின் பக்கத்தில் "மேடம், 3.02" என்றிருந்தது.

பழைய மாற்றம் எங்கேயோ சிக்கி இப்போது வந்திருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். ஆனால் தேதி இன்றையது. அவள் போனோ நொறுங்கி, போலீஸ் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு வீட்டு அலமாரியில் கிடக்கிறது. டிக்கை எடுத்தான். ஒரு நொடி கட்டம் காலியாக இருந்தது. மறுபடி விழுந்தது. எடுத்தான். விழுந்தது.

பள்ளிக்குப் போன் போட்டான். வாட்ச்மேன் எடுத்தார்.

"அண்ணே, குட்டியை வெளிய விட்டுடாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

"இப்பதானே சார் அம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க?"

"எந்த அம்மா?"

"நான் வேலைக்குப் புதுசு சார், அதான் பாப்பாகிட்டயே கேட்டேன். எங்கம்மான்னு கத்திக்கிட்டு ஓடிப் போய்க் கட்டிக்கிச்சு. அவங்க ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல."

வழியெல்லாம் தேடினான். எந்தத் தெருவிலும் இல்லை. வீடு பூட்டியபடியே இருந்தது. அலமாரியைத் திறந்தான். உறை கிழியவில்லை. உள்ளே, நொறுங்கிய கண்ணாடிக்கு அடியில், திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

பட்டியலில் புது வரி. ஒவ்வோர் எழுத்தாக வந்தது. அங்கும், அவன் கையிலிருந்த போனிலும்.

"சோம்பேறியையும் கூட்டி வரணும்."

அழித்தான். வந்தது. அழித்தான். வந்தது. பிறகு அழிக்கவில்லை. "நான்தான்டி போயிருக்கணும்" என்றான்.

வாசலில் ஹாரன். இரண்டு முறை, அவள் எப்போதும் அடிப்பதுபோல.

ஜன்னலை நெருங்கினான். வெயில். ஸ்கூட்டர். ஒரு பக்கம் உள்ளே அமுங்கிய ஹெல்மெட் அவனைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முன்னால் நின்றிருந்த குட்டி கையசைத்தாள். பின்சீட்டை அவனுக்காகக் காலியாக விட்டிருந்தார்கள்.