ப்யூஸ் போடாத விளக்கு

வண்டியின் பேட்டரியைக் கழற்றிக் கீழே இறக்கி வைத்த பிறகும், உள்ளே இருந்த மாதா சுரூபத்தின் தலைக்கு மேல் அந்த நீல விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சூசைநாதனுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, கோபம். முப்பது வருஷமாக உப்பளத்தில் வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவர் அவர். மருமகன் ஜெர்ரி ஒரு பழைய வேனை வாங்கி, கட்டிலும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றுகிற வீடாக மாற்றியபோது அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளை விடியற்காலையில் மகள் ஆஷ்லினும் ஆறு மாதப் பேரனும் இதே கட்டிலில் படுத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள். அதற்காகத்தான் வயரிங்கைச் சரிபார்க்க இந்த மத்தியான வெயிலில் வண்டிக்குள் குந்தியிருந்தார்.

“ஏன் மாப்ளே, இதுக்கு சுவிட்ச் எங்க? ப்யூஸ் எங்க?”

“மாதா லைட்டு அணையக் கூடாதுன்னு டைரக்டா குடுக்கச் சொல்லிட்டேன் மாமா.” ஜெர்ரி வாசற்படியில் நின்று போனைப் பார்த்தபடியே சொன்னான்.

“வண்டி தீப்புடிச்சா மாதாவும் சேந்துதான் எரிவாங்க! உள்ள படுக்கறது என் பொண்ணு!”

யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதைதான். ஆஷ்லின் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கட்டிலில் தூங்குகிற பேரனை எழுப்புவானேன் என்று குரலை அடக்கிக்கொண்டு வயரில் மீட்டரை வைத்தார். பூஜ்யம். விளக்கோ எரிந்தது. வண்டியின் உட்சுவர்ப் பலகைக்குப் பின்னாலிருந்து உருகிய மெழுகின் வாடையும் ஈர மண்ணின் வாடையும் கலந்து வந்தன. கூடவே, மூக்கடைத்த யாரோ கஷ்டப்பட்டு மூச்சு விடுவது போல ஒரு சத்தம். பிள்ளையின் மூச்சுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வயர் கட்டிலுக்குப் பின்னால் பலகையிலிருந்த ஒரு துளைக்குள் போயிற்று. பிடித்து இழுத்தார். வந்தது. முழம் முழமாக, சிவப்பு வயர், நனைந்து வந்தது. பத்தடி வண்டிக்கு இத்தனை வயரா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வந்ததையெல்லாம் கட்டிலின் மேலேயே வீசினார்.

திடீரென்று நின்றது. ஆத்திரத்தோடு வெடுக்கென்று இழுத்தார்.

பதிலுக்கு அந்தப் பக்கம் வெடுக்கென்று இழுத்தது.

“வெளையாடாத மாப்ளே! எனக்குக் கெட்ட கோவம் வரும்!”

“நான் இங்கதான மாமா நிக்கிறேன்.”

அங்கேதான் நின்றான். பலகைக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடை. ஆள் ஒளிய முடியாது. கைகூட நுழையாது.

சூசைநாதன் வயரை விட்டார்.

அது உள்ளே போகத் தொடங்கியது. மெதுவாக. சுற்றுச் சுற்றாக. கட்டிங் பிளேயர் எங்கே? வெளியே. பேட்டரி பக்கத்தில்.

“வெட்டு மாப்ளே! சீக்கிரம் வெட்டு!”

பேரனை வாரித் தூக்கினார். பிள்ளை வரவில்லை.

அவர் வீசிய வயர்தான். கணுக்காலில் இறுகியிருந்தது. சின்னஞ்சிறு கால், துளையை நோக்கி நேராக நீண்டுகொண்டிருந்தது.