ஏழு போத்தலும் ஒரு பென்சிலும்

அன்று கிளிநொச்சியில் பெய்த மழைக்கு, இரணைமடுக் குளத்து விரால் மீன்கள் ஏ-ஒன்பது வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றதாகச் சொல்வார்கள். அது பொய். மூன்றே மூன்று மீன்கள்தான் நின்றன.

அந்த மழைக்குள்தான் சுமித்திரா ஓடி வந்தாள். ஜெயபுரம் பஸ்ஸால் இறங்கி, நெஞ்சோடு ஒரு பையை அணைத்தபடி தர்ம ஆஸ்பத்திரிப் படியேறியவள், ஒருவனோடு மோதிக்கொண்டாள்.

"கண் தெரியேல்லையோ?"

"கண் தெரியுது... வாசல்தான் தெரியேல்லை. நீங்கள் நடுவில நிக்கிறியள்."

ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் குகதாசன் நிமிர்ந்தான். மழை சொட்டும் இமைகள்... உள்ளே கோபமான இரண்டு கண்கள். அவன் வழிவிட மறந்து நின்றான்.

பைக்குள் ஏழு சிறு போத்தல்கள். சிறுநீரகச் சோதனைக்காக ஜெயபுரத்து ஏழு வீட்டில் ஆளுக்கொருவர் கொடுத்த சிறுநீர். எல்லோரும் வந்தால் ஏழு பேரின் கூலி போய்விடும் என்று அவளிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள். பிளாஸ்டர் ஒட்டிப் பேனையால் பெயர் எழுதியிருந்தாள். இப்போது பெயர்கள் இல்லை. நீலமாக ஏதோ அழுது வழிந்திருந்தது.

"பேர் இல்லாட்டில் சோதிக்க ஏலாது."

"ஏழும் எங்கட ஆக்கள்தான். ஊர்ப் பேரைப் போடுங்கோ."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினான். "பேனை மழைக்குக் கரையும். இது கரையாது."

"இனி என்னத்தை எழுத...?" பென்சிலை வாங்கிக்கொண்டு, போத்தல்களை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

விதிப்படி பேரில்லாப் போத்தல்களை வெளியே ஊற்றிவிட்டிருக்க வேண்டும். ஆனால் குகதாசன் சோதித்தான். ஆறு சுத்தம். ஏழாவது... யாரோ ஒருவரின் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டிருந்தது.

யாருடையது?

அந்தக் கிழமைதான் ஆஸ்பத்திரியில் ஒரு வாக்கெடுப்பு இருந்தது. ஆஸ்பத்திரியின் பத்தாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு நன்கொடை வந்திருந்தது. ஊழியர்களுக்கு ஆளுக்கொரு மாதச் சம்பளம் பரிசா, அல்லது ஜெயபுரத்தில் ஒரு வருடத்துக்கு மாதாந்த இலவச மருத்துவமா? கையுறைப் பெட்டிக்குள் துண்டுச்சீட்டு போட்டு ஊழியர்களே முடிவெடுக்க வேண்டும். பரிசுக்காக ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கித் திரிந்தவன் குகதாசனேதான். அவன் அம்மா கமலாசனியின் குசினிக்குக் கூரை போட அந்தக் காசு வேண்டும்; அங்கே மழை வெளியே பெய்வதைவிட உள்ளே அதிகம் பெய்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஜெயபுரத்தில் இறங்கினான்.

"இஞ்ச என்ன அலுவல்?" என்றாள் சுமித்திரா.

"ஒரு போத்தலுக்குச் சொந்தக்காரரைத் தேடி வந்தனான்."

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைத் தாள்களோடு இருவரும் வீடு வீடாக நடந்தார்கள். ஆறு வீடுகள் முடிந்தன; ஆறு தாளும் மஞ்சளாகவே இருந்தன. ஏழாவது, அவளுடைய வீடு. அப்பா வீரையா வேலி கட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு என்ன தம்பி, பாறை மாதிரி இருக்கேன்!"

சோதனைத் தாள் கரும்பச்சையானது. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இப்ப பிடிச்சிட்டம். மருந்தால காப்பாத்தலாம்," என்றான் மெதுவாக.

"மாசா மாசம் ஆர் பாக்கிறது? மற்ற வீடுகளை ஆர் பாக்கிறது?"

அவன் பொய் சொல்லவில்லை. வாக்கெடுப்பையும், தான் நிற்கும் பக்கத்தையும் சொன்னான்.

"அப்ப... நாளைக்கு?"

"எல்லாரிட்டையும் சத்தியம் வாங்கிப்போட்டன். இனி நானே மாறினால்... என்னை என்னெண்டு நினைப்பினம்?"

அவள் பென்சிலை அவன் கையில் வைத்தாள். "இது உங்கட. எங்களுக்கு இதால எழுத ஒண்டுமில்லை."

சனிக்கிழமை, பெட்டிக்குள் துண்டு போடத் தொடங்குமுன் குகதாசன் எழுந்தான். கரும்பச்சைத் தாளை மேசையில் வைத்தான்.

"உங்களிட்ட வாங்கின சத்தியத்தைத் திருப்பித் தாறன். இந்த மனிசன் பேரில்லாமல் வந்தவர். நான் ஊத்தியிருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"என்ன தம்பி, ஒரே நாளில மாறிப்போனீர், ஜெயபுரத்தில கண்ணுக்கு மருந்து போட்டவையோ?" என்றார் அம்புலன்ஸ் சாரதி மூக்கன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூக்கனும் நிறுத்திவிட்டார்.

ஒரு துண்டு வித்தியாசத்தில் ஜெயபுரம் வென்றது. மூன்று கிழமைக்குப் பாதிப்பேர் அவனோடு கதைக்கவில்லை. அம்மா அடுப்பை நனையாத மூலைக்கு மாற்றினாள்.

"ஆருக்காகத் தம்பி?"

"வீரையா எண்டு ஒருத்தர், அம்மா."

"மகள் இருக்கோ?"

"...ஓம்."

"அதுதானே பாத்தன்," என்று ஊதாங்குழலை எடுத்தாள்.

அடுத்த மாதம் ஜெயபுரம் பள்ளிக்கூடத்தில் முதல் கிளினிக். வரிசையில் முதல் ஆள் வீரையா. கடைசி ஆள் சுமித்திரா. ஒரு வெறும் போத்தலை மேசையில் வைத்தாள்.

"இதுக்குள்ள ஒண்டுமில்லையே?"

"பேரை மட்டும் பாருங்கோ... சரியோ எண்டு."

பிளாஸ்டரில் பென்சில் எழுத்து: சுமித்திரா குகதாசன்.

அவன் அந்த எழுத்தை விரலால் தடவினான். "பென்சிலைத் திருப்பித் தந்திட்டியள்தானே...?"

"புதுசா ஒண்டு வாங்கினனான்."

வெளியே மழை பிடித்திருந்தது. குகதாசன் எழுந்து, போத்தலை யன்னலுக்கு வெளியே நீட்டினான். கை நனைந்தது, முழங்கை நனைந்தது.

உள்ளே எடுத்துப் பார்த்தான்.

"கரையேல்லை," என்றான். "இனியும் கரையாது... நான் விடமாட்டன்."