தேரிக்காட்டில் தேனீ வண்டி

தேனீப் பெட்டி ஏற்றிய வண்டி, ஆள் நடமாடும் இடத்தில் நிற்காது. மார்த்தாண்டம் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓடும்வரை காற்று வரும், பெட்டிகள் குளிர்ந்திருக்கும். நின்றுவிட்டால் உள்ளே இருப்பவை புழுங்கி, எந்த இடுக்கு வழியாகவாவது வெளியே வந்து, டீ குடித்துக்கொண்டிருப்பவர் பிடரியில் கொட்டும். போன வருஷம் ஒரு டீக்கடையில் அப்படித்தான் ஆகி, கொட்டு வாங்கியவர்களிடம் அடிபட்டு ஜெரிஷ் கிழிந்த சட்டையோடு வீடு வந்து சேர்ந்தான். அதனால் இந்த முறை வழியில் எங்கும் நிற்பதில்லை, யாரிடமும் வழி கேட்பதில்லை என்று மூன்று பேரும் ஊரிலேயே முடிவுகட்டிவிட்டுத்தான் கிளம்பினார்கள். வழி சொல்லத்தான் செல்வின் கையில் போன் இருக்கிறதே!

பெட்டிகள் பெனிலாவுடையவை. வண்டி ஓட்டிய ஜெரிஷ் அவள் தம்பி. செல்வின் அவனுடைய கூட்டாளி; போனைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் அவன் வேலை. ஒற்றைப் பெட்டியில் ஆரம்பித்து, ஒவ்வொரு வருஷமும் கூட்டம் பிரித்து, பெனிலா நாற்பது பெட்டி ஆக்கியிருந்தாள். ரப்பர் தோட்டத்தில் தேன் எடுத்து முடித்ததும் முருங்கைப் பூவுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த வருஷம் போக வேண்டியது புது இடம், உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டை ஒட்டிய சுயம்பு அண்ணாச்சியின் தோட்டம். வெயில் ஏறுவதற்குள் பெட்டிகளை இறக்கி வாசலைத் திறந்துவிட வேண்டும். மூடிய பெட்டி சூடேறினால் மெழுகு இளகி அடை சரிந்துவிடும், தேனீக்கள் தாங்கள் சேர்த்த தேனிலேயே முங்கிச் சாகும்.

சாத்தான்குளத்தைத் தாண்டியபோது கிழக்கு வெளுத்திருந்தது. சிறிது தூரத்தில் ஒரு முக்கு. தார்ச்சாலை நேரே போனது. போனிலிருந்த பெண்குரல் வலப்பக்கம் திரும்பச் சொன்னது.

"மண்ணு ரோடால்லா கெடக்கு," என்றான் ஜெரிஷ்.

"இதுல போனா பாதி தூரந்தான் மக்கா. நேரா தோட்டத்துக்குப் பின்பக்கம் கொண்டு விட்டுரும். மேப்புல ரோடுன்னுதான் போட்டிருக்கு," என்றான் செல்வின்.

முக்கில் ஒரு டீக்கடை. பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து, இந்த வண்டியைப் பார்த்துத்தான் கையை ஆட்டினார். ஏதோ சொல்லவும் செய்தார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் கேட்கவில்லை. ஜெரிஷ் தானாகவே பிரேக்கில் கால் வைத்தான்.

"நிறுத்தாதடே," என்றாள் பெனிலா. "போ."

போனார்கள். முதலில் செம்மண். பிறகு செம்மணல். அதற்குப் பிறகு சாலை என்று சொல்லிக்கொள்ள இரண்டு பக்கமும் முள் நிறைந்த உடைமரங்கள் மட்டும்தான். தேரி என்றால் மேடும் பள்ளமுமாகச் சிவந்து கிடக்கும் மணல்காடு. காற்று இன்றைக்கு இங்கே குவித்ததை நாளைக்கு அங்கே கொண்டுபோய்க் கொட்டும். இதெல்லாம் போனுக்குத் தெரியாது. சாலை இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மணல் குவிந்து நிற்க, திரையில் நீலக்கோடு எந்தக் கவலையும் இல்லாமல் அந்த மேட்டுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. ஜெரிஷ் வண்டியைப் பின்னால் எடுத்தான். சக்கரம் சுற்றியது, புதைந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தான், இன்னும் புதைந்தது.

டயரில் காற்றைக் குறைத்தார்கள். பனை ஓலையைப் பொறுக்கிச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. செல்வின் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடெல்லாம் ஏறி இறங்கினான். சிக்னல் செத்துக் கிடந்தது.

பெனிலா ஒரு பெட்டியில் காதை வைத்தாள். நல்ல பெட்டி முனகும். இது இரைந்தது.

"எறக்குங்க," என்றாள், சற்றுத் தள்ளி நின்ற முந்திரி மரத்தைக் காட்டி. "அந்தக் கொல்லாமரத்து நிழலுக்குக் கொண்டு போவோம். வாசலத் தொறந்தாவணும்."

"இங்கயா? தொறந்தா சாயங்காலம் வர நகர முடியாதே அக்கா," என்றான் ஜெரிஷ்.

"தொறக்கலேன்னா நகத்துறதுக்குத் தேனீச்ச இருக்காதுடே."

தேனீ எந்த இடத்திலிருந்து பறந்து போகிறதோ, அந்த இடத்துக்கே திரும்பி வரும். நடுவில் பெட்டியை நகர்த்தினால் வெளியே போனவை அநாதைதான். இன்னொரு பயமும் இருந்தது. அவளுடையது நாட்டுத் தேனீ; இடம் பிடிக்காவிட்டால் கூட்டத்தோடு ஓடிவிடும். அதற்குத்தான் வாசலில் பொருத்த ஒரு தகடு உண்டு. வேலைக்காரத் தேனீ அதில் நுழையும், பெரிய உடம்புள்ள ராணி நுழையாது. ராணி இருந்தால் கூட்டம் இருக்கும். ஆனால் வண்டியில் பாதிப் பெட்டிகளுக்குத்தான் தகடு இருந்தது. அமைதியான தோட்டந்தானே, இது போதும் என்று மீதியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

எந்தப் பெட்டிக்குப் போடுவது, எதற்கு விடுவது? பெனிலா ஒவ்வொரு மூடியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைகளில் யாருக்குச் சோறு போடுவது என்று கேட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பிறகு யோசிப்பதை விட்டுவிட்டு, கைக்கு வந்த பெட்டிகளுக்குப் போட்டாள். எல்லா வாசல்களையும் திறந்தாள்.

கொஞ்ச நேரம் நல்லபடியாகத்தான் போனது. திடீரென்று தகடு இல்லாத ஒரு பெட்டி முழுவதும் வெளியே கொட்டியது. கூட்டம் மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, பனைகளைத் தாண்டிப் போனது. ஜெரிஷ் மணலை அள்ளி வீசிக்கொண்டே பின்னால் ஓடினான். மணல் பட்டால் சில சமயம் கூட்டம் இறங்கும். இது இறங்கவில்லை. அவன் திரும்பி வருவதற்குள் அடுத்த பெட்டி கிளம்பிவிட்டது. அதன் பிறகும் ஒவ்வொன்றாகக் கிளம்பின; அவன் ஓடவில்லை.

"நாந்தானே அக்கா இந்த வழி சொன்னேன்," என்றான் செல்வின்.

"அந்தாளு கையக் காட்டினாரு. நாந்தான் நிறுத்த வேண்டாம்னேன்." பெனிலா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கியிருந்த ஒரு பெட்டியின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குனிந்தாள். "இங்க பாரு. கால்ல பூந்தூள் ஒட்டியிருக்கு. இன்னொண்ணுக்கும் இருக்கு. இவ்வளவு சீக்கிரம் திரும்பி வருதுன்னா தோட்டம் கிட்டத்தான் இருக்கு. எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பாரு."

மூன்று பேரும் மணலில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தார்கள். புள்ளி புள்ளியாக, தென்கிழக்கு மேட்டுக்கு மேலே ஒரே தடத்தில் தேனீக்கள் போய் வந்துகொண்டிருந்தன.

செல்வின் போனை வண்டியிலேயே போட்டுவிட்டு நடந்தான். மணல் சுட்டது. செருப்பு புதைந்தது, அதைக் கையில் எடுத்தால் கால் வெந்தது. மேட்டில் ஏறினால் பாதி தூரம் சறுக்கியது. தடம் தவறும்போதெல்லாம் நின்று, தலைக்கு மேலே ஒரு இரைச்சல் கேட்கும்வரை காத்திருந்தான். மூன்றாவது மேட்டில் ஏறியதும் கீழே வெள்ளை வெள்ளையாக முருங்கைப் பூ! வரப்பில் ஒருவர் கண்ணுக்குமேல் கையை வைத்துச் சாலையைப் பார்த்தபடி நின்றார். காலையிலிருந்து இவர்களுக்காகவே காத்திருந்த சுயம்பு அண்ணாச்சிதான் அது.

அவர் தண்ணீர்க் குடத்தோடு டிராக்டரை எடுத்து, செல்வினையும் ஏற்றிக்கொண்டு சுற்றுவழியாக வந்து சேர்ந்தார். காலிப் பெட்டிகளைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"முக்குல ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாம்மா? இந்தப் பாத மூடி எவ்வளவு காலமாச்சி."

"தேனீச்ச வண்டிய ஆளுக பக்கத்துல நிறுத்த முடியாது அண்ணாச்சி."

"வண்டிய எதுக்கு நிறுத்தணும்? தூரத்துலயே ஒரு ஆள எறக்கி விட்டுட்டு, வண்டி ஒரு சுத்து சுத்திட்டு வந்திருக்கலாம்லா. நீங்க மூணு பேரு இருக்கியளே."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை, தோன்றியதைச் சொன்னார். இவ்வளவு சின்ன விஷயம். மூன்று பேரில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையே!

சாயங்காலம்வரை அங்கேயே கிடந்தார்கள். வெயில் இறங்கியதும் தேனீக்கள் கூட்டம் கூட்டமாக வீடு திரும்பின. டிராக்டர் வண்டியை இழுத்து வெளியே போட்டது. வாசல்களை மூடிப் பெட்டிகளை ஏற்றினார்கள். இருபத்தேழு பெட்டி உயிரோடு இருந்தது. முழுக்கப் போயிருக்க வேண்டியதில் இவ்வளவு மீண்டதே பெரிய காரியம் என்று சுயம்பு அண்ணாச்சி சொன்னார். வெற்றி என்றுகூடச் சொல்லலாம்தான். யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

ஜெரிஷ் வண்டியைக் கிளப்பினான். செல்வின் ஏறாமல் நின்றான்.

"அக்கா, அங்க பாரு."

பிந்தி வந்த தேனீக்கள். பெட்டி இருந்த இடத்தில், வாசல் இருந்த அதே உயரத்தில், வெறுங்காற்றில் நின்று நின்று சுற்றிக்கொண்டிருந்தன. காலில் பூந்தூள் அப்படியே இருந்தது.

பெனிலா இறங்கினாள். ஓடிப்போன ஒரு கூட்டத்தின் காலிப் பெட்டியை வண்டியிலிருந்து எடுத்து, கொல்லாமரத்தடியில் வைத்து, வாசலைத் திறந்தாள். உள்ளே பழைய அடை இருந்தது. தேனீக்கள் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன.

"அதுல ராணி இருக்கா?" என்று செல்வின் கேட்டான்.

"இல்ல."

"அப்ப எத்தன நாளைக்கு அக்கா?"

"ரொம்ப நாளைக்கு இல்ல." பெனிலா மூடியின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். "வீடுன்னு நம்பித் திரும்பி வந்துட்டுதுல்லா. ராத்திரி தங்க ஒரு எடம் வேண்டாமா?"

முன்னால் டிராக்டர் போக, வண்டி அதன் தடத்திலேயே மெல்லப் போனது.